பால்வாடி டீச்சர் பதில்கள்

முசிறிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முப்பத்தொரு வருடம் அங்கன்வாடி நடத்தியவள் நான். 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில் எல்லோரும் பால்வாடி என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: வீட்டில் கைக்குழந்தை, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் அதற்குப் பதில் நீளமாகவே வந்துவிட்டது.

*

டீச்சரம்மா, நாங்கள் ஓசூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை. பையனுக்கு இரண்டரை வயது, பாப்பாவுக்கு ஏழு மாதம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், முட்டிவலியால் மாடி ஏற முடியாது. மாமியார் இல்லை. ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் பையன் வந்து அவளை அடிக்கிறான். சாயங்காலம் ஆறு மணியானால் நான் கத்துகிறேன், அப்புறம் நானே அழுகிறேன். மற்ற பெண்களெல்லாம் சமாளிக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
– பெயர் வேண்டாம், ஓசூர்

தாயி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளை வளர்த்த எந்தப் பெண்ணும் தனியாக வளர்க்கவில்லை. அவள் துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனால் குழந்தை திண்ணையில் பாட்டியிடம் இருக்கும். பாட்டி இல்லையென்றால் எதிர்வீட்டு அத்தையிடம். அவளும் இல்லையென்றால் எட்டு வயது அக்கா இடுப்பில். நாலைந்து பேர் கைமாற்றிக் கைமாற்றிச் செய்ததை நீங்கள் ஒருத்தியாக, மாடி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறீர்கள். சாயங்காலம் உடம்பும் மனசும் ஓய்ந்துபோவதில் என்ன அதிசயம்? உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். நான் பார்த்த தாய்மார் பலரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர்களை எப்படியாவது ஓரம்கட்டி வேலை பார்க்க முயல்வார்கள். அது நடக்காது. பிள்ளைகள் தூங்கிய உடனே ஓடிப்போய் பாத்திரம் தேய்ப்பார்கள், துணி மடிப்பார்கள், தரை துடைப்பார்கள். குழந்தை எழும்போது அம்மா ஒரு நிமிஷம்கூடக் கண்ணயர்ந்திருக்க மாட்டாள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். வீட்டு வேலையைப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது, அவர்களை வைத்துக்கொண்டே செய்யுங்கள். இருவரும் தூங்கும்போது பாத்திரம் எப்படிக் கிடந்தாலும் கிடக்கட்டும், நீங்களும் படுத்துவிடுங்கள்.

இரண்டரை வயதுப் பையன் வேலை செய்வானா என்று கேட்பீர்கள். என்னிடம் இருபத்தைந்து குழந்தைகள், நானும் ஆயாவும் இரண்டே பேர். முருங்கைக்கீரை ஆய்கிற நாளில் வட்டமாகக் கோரைப்பாயில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு ஈர்க்கு கொடுப்பேன். பாதிக் கீரை பாயில், கால்வாசி தலையில், மிச்சம்தான் முறத்தில் விழும். ஆனால் அரைமணி நேரம் ஒருவன் அழுததில்லை. உங்கள் பையனுக்கும் கீரையைக் கொடுங்கள். பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கச் சொல்லுங்கள். துவைத்த துணிக் குவியலிலிருந்து பாப்பாவின் ஜட்டிகளை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஈரத்துணியைக் கொடுத்துத் தரையில் ஒரு மூலையைத் துடைக்கச் சொல்லுங்கள். பாப்பாவைப் பக்கத்தில் பாயில் படுக்கப் போட்டு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தால் அவள் தட்டிக்கொண்டிருப்பாள். பூண்டுப் பல், பட்டாணி, நிலக்கடலை மாதிரி எதுவும் பாப்பாவின் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இது ஒன்றில்தான் கண் இருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை அரைமணி ஆகும், ஆகட்டும். அவனுக்கு வேண்டியது விளையாட்டுச் சாமான் இல்லை, உங்கள் பக்கத்தில் ஒரு இடம்.

பால் கொடுக்கும்போது அடிப்பது பொறாமைதான். அந்த வயதில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதற்கு ஒரு மஞ்சப்பை தயார் செய்யுங்கள். பழைய பர்ஸ், பூட்டும் சாவியும், மூடி திருகித் திறக்கிற பெரிய டப்பா, முடிச்சுப் போட்ட துண்டு, ஒரு டார்ச் லைட் என்று அவனுக்கு ஆசையானதெல்லாம் அதற்குள் இருக்கட்டும். டார்ச்சின் பேட்டரி மூடி அவனால் திறக்க முடியாதபடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பா பால் குடிக்கும்போது மட்டும்தான் அந்தப் பை கீழே இறங்கும். குடித்து முடிந்ததும் பழையபடி ஆணியில் ஏறிவிடும். நாலைந்து நாளில் “பாப்பா, பால் குடி” என்று அவனே சொல்வான் பாருங்கள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தால் ஒரு கை அவன் முதுகில் இருக்கும். கட்டிலில் ஏறி உட்கார்ந்தால் அம்மா எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாக அவனுக்குத் தோன்றும்.

ஆறு மணி. அந்த நேரத்தை நானும் அறிவேன். பிள்ளைகளுக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்து வருகிற நேரம். அந்த நேரத்தில் நீங்கள் அடுப்பில் நிற்கக் கூடாது. காலையிலேயே குக்கரில் ராத்திரிக்கும் சேர்த்துப் பருப்பு வேக வைத்துவிடுங்கள். குழம்பு, ரசம், பொரியல் என்று மூன்று வகை இந்த இரண்டு வருடத்துக்கு வேண்டாம். ராத்திரிக்கு இட்லியோ தோசையோ போதும். ஐந்து மணிக்கு இருவரையும் வெளியே கூட்டிப்போய், தெருவோ மொட்டை மாடியோ, அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருங்கள். மொட்டை மாடி என்றால் அவன் கை உங்கள் கையில் இருக்கட்டும். ஆறுக்கு வெந்நீர் வார்த்து, ஆறரைக்குச் சோறு, ஏழரைக்கு விளக்கணைத்துவிடலாம். ஒரு வருஷத்துக்கு உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு இரவில் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பி, காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருகிற வாரத்தில் குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு, நாலிலிருந்து ஐந்து வரை இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் கீழே கொண்டுபோங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நீங்கள் தூங்கி எழுந்த பிறகு அதே ஒரு மணி நேரம். தினம் வேண்டும், நினைத்தபோது செய்வது உதவாது. தாயி, அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பாத்திரம் தேய்க்கக் கூடாது. தலைக்குக் குளியுங்கள், அம்மாவிடம் போனில் பேசுங்கள், சும்மா விட்டத்தைப் பார்த்துப் படுத்திருங்கள்.

அந்தக் கட்டடத்தில் உங்களைப் போல இன்னொரு தாய் கட்டாயம் இருப்பாள். படிக்கட்டில் அவளைப் பார்த்திருப்பீர்கள், சிரித்திருப்பீர்கள். கைமாற்றாகச் சர்க்கரை கேட்கிற மாதிரி அவளிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அவள் பிள்ளை உங்கள் வீட்டில், வெள்ளிக்கிழமை உங்கள் பையன் அவள் வீட்டில். மூன்று பிள்ளைகளைப் பார்ப்பது இரண்டைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருப்பதைக் கண்டு நீங்களே அசந்துபோவீர்கள், ஒன்றுக்கொன்று துணையாகிவிடும்.

கத்துவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 1989இல் என் மூத்த மகனுக்கு மூன்று வயது. இளையவளுக்குக் காய்ச்சல், இரண்டு ராத்திரி தூக்கமில்லை, வீட்டுக்காரர் லாரியில் வடநாடு போயிருந்தார். பால் சட்டியை இழுத்துக் கவிழ்த்ததற்காகப் பையனை முதுகில் ஓங்கி அறைந்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது. ஊர்ப் பிள்ளைகளை அடிக்காத டீச்சர் தன் பிள்ளையை அடித்தாள். ராத்திரி அவன் தூங்கும்போது அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவியது என் கையில் இன்னும் இருக்கிறது. அப்போது எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். கோபம் தலைக்கேறுவது தெரிந்ததும் பாப்பாவை விழ முடியாத இடத்தில், தரைப்பாயில், படுக்க வையுங்கள். அவள் அழட்டும். சமையலறைக்குப் போய் முகம் கழுவி ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிஷ அழுகை எந்தக் குழந்தையையும் ஒன்றும் செய்யாது. ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால் கைக்குழந்தையின் மூளையில் ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. திரும்பி வந்து பையனைத் தூக்கி, “அம்மா சத்தம் போட்டுட்டேன், பயந்துட்டியா?” என்று கேளுங்கள். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான்.

*

என் மனைவி நர்ஸ், நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து மதியம் இரண்டு வரை தூங்குவாள். நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். ஒன்றரை வயது மகள் படுக்கையறைக் கதவைத் தட்டித் தட்டி அம்மாவை எழுப்பிவிடுகிறாள். “ஆம்பளை புள்ள பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்” என்று என் அம்மாவே பேசுகிறார்.
– ஒரு தகப்பன், திருப்பூர்

தம்பி, உங்கள் கடிதத்தை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் சண்டை வேண்டாம். பேத்தி உங்கள் தோளில் தூங்குவதை நாலு தடவை பார்த்தால் அவர் பேச்சு தானாகக் குறையும்.

குழந்தை கதவைத் தட்டுவதற்குக் காரணம், அம்மா உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். எப்படி மறைந்தாள் என்பதுதான் புரியவில்லை. அவள் வேறு பக்கம் பார்க்கும்போது நைசாகக் கதவைச் சாத்துகிறீர்களா? அதை விடுங்கள். டியூட்டியிலிருந்து வந்து குளித்ததும் அம்மா மகளை மடியில் வைத்துக் கால்மணி நேரம் இருக்கட்டும், காலைச் சாப்பாட்டை அம்மாவே ஊட்டட்டும். பிறகு, “அம்மா தூங்கப் போறேன், பாப்பா அப்பாகூட மாடு பாக்கப் போ” என்று அவளிடம் சொல்லி முத்தம் கொடுத்து அனுப்பட்டும். அந்த நிமிஷமே நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். தினம் அதே தெரு, அதே டீக்கடை, அதே மாடு. குழந்தைகளுக்கு மாறாத வழி பிடிக்கும். பத்து மணி வரை வீட்டுக்கு வராதீர்கள். முதல் வாரம் அழுவாள், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மெஷின் அவள் பகல் தூக்கத்தின்போதும், மனைவி எழுந்த பிறகும் மட்டும் ஓடட்டும். பீஸ் குறையும், வருமானம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். ஓடுகிற மெஷினும் தவழ்ந்து நடக்கிற குழந்தையும் ஒரே அறையில் கூடாது. ஊசி, கத்தரி, பட்டன் டப்பா எல்லாம் உங்கள் தோள் உயரத்துக்கு மேலே போகட்டும். வீட்டில் ரிமோட்டோ பொம்மையோ இருந்தால் அதிலிருக்கும் வட்டப் பேட்டரியைப் பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெட்டிய துணித் துண்டுகளில் கர்ச்சீப் அளவுக்குப் பெரியவற்றை ஒரு கூடையில் போட்டு அவளுக்கே கொடுத்துவிடுங்கள். நிறம் நிறமாக எடுத்துப் போட்டு விளையாட அதைவிட நல்ல சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது.

*

இரண்டு வயது மகன் போன் பார்த்தால்தான் வாய் திறக்கிறான். இல்லாவிட்டால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. நாள் முழுக்க நான்கு புட்டி பால்தான் அவன் சாப்பாடு. நான் ஒருத்தி; ஊட்டி முடித்தால்தான் அடுத்த வேலை. போனை நிறுத்தச் சொல்லாமல் வேறு வழி சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

போனை நிறுத்தத்தான் சொல்வேன், கண்ணு, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து, என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் குற்றவாளி போன் இல்லை, பால் புட்டி. நான்கு புட்டி பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? பசிக்காத பிள்ளைக்கு வாயைத் திறக்க வைக்கத்தான் போன் தேவைப்படுகிறது.

அந்த வயதுக்கு நாளுக்கு அரை லிட்டர் பால் தாராளம். அதற்கு மேல் போனால் பசியும் கெடும், உடம்பில் இரும்புச்சத்தும் குறையும், பிள்ளை வெளுத்துப்போகும். முதல் வாரம் புட்டியை விட்டு டம்ளருக்கு மாறுங்கள். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடு ராத்திரிப் புட்டிக்குத் தண்ணீர்தான். இரண்டாவது வாரம் போன். வீட்டில் இன்னொருவர் இருக்கிற சனி, ஞாயிறில் ஆரம்பியுங்கள்.

தரையில் உங்களோடு உட்காரவைத்து அவனுக்குத் தனித் தட்டில் பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை இரண்டு உருண்டை வையுங்கள். உங்கள் தட்டிலிருந்து நீங்கள் சாப்பிடுங்கள். ஊட்டாதீர்கள். அவன் பிசைவான், பூசிக்கொள்வான், எறிவான். இருபது நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நடுவில் பிஸ்கட் கிடையாது. மூன்று நான்கு நாள் சரியாகவே சாப்பிட மாட்டான், உங்கள் வயிறு எரியும். ஆனால் ஓடியாடி விளையாடி மூத்திரம் சரியாகப் போகிற குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. என் மையத்துக்கு வந்த பிள்ளைகளில் வீட்டில் ஒரு வாய் வாங்காதவை எத்தனையோ. பக்கத்துப் பிள்ளை தன் தட்டில் கை வைப்பதைப் பார்த்ததும் இவையும் கை வைக்கும். எடை இறங்கினாலோ, சோர்ந்து படுத்தாலோ, மண் தின்றாலோ டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள். பக்கத்து அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ இரும்புச்சத்து சிரப் இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

*

மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம். அவளை அங்கன்வாடியில் விட்டால் எனக்கு அரை நாள் மூச்சு விட முடியும். ஆனால் “அது ஏழைப் பிள்ளைகளுக்கு” என்று நாத்தனார் கேலி செய்கிறார். பிளே ஸ்கூல் ஃபீஸ் எங்களால் முடியாது.
– வாசகி, சேலம்

1975 அக்டோபர் 2 அன்று இந்த அங்கன்வாடித் திட்டம் நாட்டில் ஆரம்பமானது. அங்கன்வாடி வாசலில் வருமானச் சான்று கேட்பதில்லை. நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்த எந்தக் குழந்தையும் வரலாம், சமைத்த சாப்பாடும் முட்டையும் உண்டு, பாட்டும் கதையும் உண்டு, பகல் தூக்கமும் உண்டு. என்னிடம் வாத்தியார் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பாயில் தூங்கின. அதைக் கேவலம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் எல்லா மையமும் ஒன்றுபோல் இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டுப் போகாமல் பதினோரு மணிவாக்கில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? வாசலுக்குக் கதவு உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? அழுகிற பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா? இந்த நாலும் இருந்தால் தயங்காதீர்கள். சுவரில் படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. முதல் வாரம் நீங்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள், டீச்சர் முகம் சுளிக்க மாட்டார். கிடைக்கிற அரை நாளில் முதல் மாதம் எந்த வேலையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் தூங்குங்கள்.

*

குழந்தைக்கு நான்கு மாதம். ஆள் துணை இல்லை. அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனைப் பார்த்தால் பாசமே வரவில்லை. கிணற்றடிக்குப் போகும்போது தப்பான நினைப்பு வருகிறது. தோஷம் என்று கோவிலுக்கு அழைத்துப்போனார்கள்.
– ஊரும் பெயரும் வேண்டாம்

மகளே, இந்த இதழ் அச்சாகும் வரை நான் காத்திருக்கவில்லை. ஆசிரியர் மூலம் உங்கள் எண்ணுக்குப் பேசிவிட்டேன், நீங்கள் டாக்டரைப் பார்த்ததும் தெரியும். உங்கள் சம்மதத்தோடு இதை மற்றவர்களுக்காகப் போடுகிறேன்.

இது தோஷமில்லை, பாசமில்லாத மனசும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மன நோய், மருந்துக்கும் பேச்சுக்கும் குணமாகிற நோய். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, அதனால் பாலை நிறுத்த வேண்டுமே என்று பயந்து யாரும் மறைக்க வேண்டாம். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரமாகியும் அழுகை நிற்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடமோ பிரசவம் பார்த்த டாக்டரிடமோ அப்படியே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். சாகலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடலாம் என்றோ ஒரு தடவை தோன்றினாலும் அந்தத் தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டு ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் கைகூப்பிச் சொல்கிறேன், முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கோவிலுக்கு அப்புறம் போகலாம்.

உங்களுக்கு நேற்றுச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், மதியம் மூன்று மணிக்கு நான் போன் செய்வேன். எடுக்கப் பிடிக்காவிட்டால் எடுக்க வேண்டாம். ஆனால் மணி அடிக்கும்.